ஏடிவி ஓட்டும்போது உடம்பு எங்கே இருக்க வேண்டும்

கரடுமுரடான தரையிலும் ஓடும் திறந்த வண்டியான ஏடிவியைப் பார்த்ததும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. நான்கு சக்கரம், பருத்த டயர், ஸ்டாண்டு போடாமலே தானாக நிற்கிறது. பைக் ஓட்டத் தெரிந்தவருக்கு இதென்ன பெரிய காரியம் என்று தோன்றும். அந்த நினைப்போடு ஏறுகிறவர்தான் முதல் சரிவிலேயே வண்டியைக் குடை சாய்க்கிறார்.

அளவுகளைப் பார்த்தால் காரணம் புரியும். பண்ணை வேலைக்கும் காட்டுத் தடத்துக்கும் பயன்படும் நடுத்தர ஏடிவி சுமார் 300 கிலோ இருக்கும். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் இடைவெளி. கல்லும் கட்டையும் அடியில் இடிக்கக் கூடாது என்பதற்காக வண்டியின் உடலை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை தூக்கி வைத்திருக்கிறார்கள். அதன் உச்சியில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் உட்காருகிறார். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அவருடையது. விரும்பியபடி நகர்த்தக்கூடிய எடையும் அது ஒன்றுதான். காரில் ஓட்டுநர் சாய்ந்தாலும் நிமிர்ந்தாலும் கார் ஒரே மாதிரிதான் போகும். ஏடிவியில் ஓட்டுபவரின் உடம்பும் பிரேக், ஆக்சிலேட்டர் போல ஒரு கருவி. அதைப் பயன்படுத்தாமல் சோபாவில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்து ஓட்டுவது, பிரேக்கைத் தொடாமல் ஓட்டுவதற்குச் சமம்.

இந்த வகை வண்டி பரவத் தொடங்கியது 1970-ல் ஹோண்டா வெளியிட்ட மூன்று சக்கர மாடலிலிருந்து. வளைவில் அது எளிதாகப் புரண்டது. 1988-ல் தயாரிப்பாளர்கள் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டோடு அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது; 2008-ல் வந்த சட்டம் அதை முழுத் தடையாகவே ஆக்கியது. நான்காவது சக்கரம் நிலைமையைப் பெரிதும் சீராக்கியது உண்மை. ஆனால் உயரம், குறுகிய அகலம், மேலே உட்கார்ந்திருக்கும் மனித எடை மூன்றும் அப்படியே இருக்கின்றன.

யார் ஏறலாம், எத்தனை பேர்

பெரும்பாலான ஏடிவிகள் ஒருவருக்கானவை. சீட் நீளமாக இருக்கிறதே, பின்னால் இன்னொருவர் உட்காரலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காக விட்ட இடம். அங்கே ஓர் ஆளை ஏற்றினால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டுபவருக்கு நகர இடமிருக்காது. போதாக்குறைக்கு எடை பின் அச்சுக்கு மேலே, பின்னே போய்விடும். மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தூக்குவதற்கு அதுவே போதும். இருவருக்கென்றே கட்டிய மாடல்கள் உண்டு. அவற்றில் முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான நீளம் கூடுதல். பின்னிருக்கை, கைப்பிடி, கால்மிதி தனித்தனியாக இருக்கும். அது இல்லாத வண்டியில் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வருவதும் தவறுதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர்களின் வண்டியில் ஏறக் கூடாது. சிறுவர்களுக்கான வண்டிகளில் 6, 10, 12, 14 என்று வயது வரம்பு லேபிளில் இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் இருக்கும். பையன் நன்றாக ஓட்டுகிறான் என்பது இங்கே வாதமே ஆகாது. 40 கிலோ எடையுள்ள பிள்ளை எவ்வளவு சாய்ந்தாலும் 300 கிலோ வண்டியின் போக்கை மாற்ற முடியாது. வயது சரியாக இருந்தாலும் உடலளவு பொருந்துகிறதா என்று பாருங்கள்: கால்மிதியில் எழுந்து நின்றால் சீட்டுக்கும் உடலுக்கும் நடுவே குறைந்தது 7 அல்லது 8 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினாலும் பிரேக் லிவர் விரலுக்கும், ஆக்சிலேட்டர் கட்டைவிரலுக்கும் எட்ட வேண்டும்.

உடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தாடையையும் மூடும் தரச்சான்று பெற்ற ஹெல்மெட், கண்ணுக்கு காகிள்ஸ், முழுக்கை, முழுக்கால் உடை, முழு விரலையும் மூடும் கிளவுஸ், கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ். இதில் பூட்ஸைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். வண்டி சாயும்போது பைக் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றத் தோன்றும். ஊன்றிய காலின் மேல் உங்கள் வண்டியின் பின் சக்கரமே ஏறும். கால்மிதியை விட்டுக் கால் இறங்கவே கூடாது. குதிகாலுள்ள, அடி வழுக்காத பூட்ஸ் போட்டிருந்தால் கால் அங்கேயே பிடித்து நிற்கும்.

கிளம்பும் முன் பத்து நிமிடம்

டயரில் தொடங்குங்கள். ஏடிவி டயர் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடுவது. பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ. உங்கள் வண்டிக்கான சரியான எண் அதன் லேபிளில் இருக்கும். கார் டயருக்கு வைத்திருக்கும் கேஜ் இந்த அளவைச் சரியாகக் காட்டாது. 0 முதல் 10 அல்லது 15 பிஎஸ்ஐ வரை காட்டும் குறைந்த அழுத்தக் கேஜ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். 30 பிஎஸ்ஐ டயரில் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் யாருக்கும் தெரியாது. 5 பிஎஸ்ஐ டயரில் அது ஐந்தில் ஒரு பங்கு. இடது பக்கம் 4, வலது பக்கம் 6 என்றிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சமதரையிலேயே சற்றுச் சாய்ந்துதான் ஓடும். காற்று அதிகமானால் கல்லில் பட்டு வண்டி துள்ளும், பிடிப்பும் குறையும். மிகக் குறைந்தால் வளைவில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று வரும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும்.

அடுத்தது ஆக்சிலேட்டர். இதில் முறுக்குவது கிடையாது. வலது கைக் கட்டைவிரலால் தள்ளும் லிவர். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் லிவரைத் தள்ளி விடுங்கள். டக்கென்று திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இடக்கோடிக்குத் திருப்பி ஒருமுறை, வலக்கோடிக்குத் திருப்பி ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். நேராக இருக்கும்போது சரியாகத் திரும்பும் லிவர், கேபிள் மடிந்திருந்தால் ஒரு பக்கக் கோடியில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். லிவர் பெட்டிக்குள் சேறு காய்ந்து இறுகினாலும் இதேதான் நடக்கும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, அதை அணைக்கும் கில் சுவிட்சை ஒருமுறை சோதியுங்கள். கையில் கட்டும் கயிற்றோடு கூடிய கில் சுவிட்ச் இருந்தால் அதைக் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் கீழே விழுந்தால் இன்ஜின் தானே நின்றுவிடும்.

முன் சக்கரத்தின் மேலும் கீழும், கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடின் முனையைப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அச்சு நட்டில் அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிரேக், விளக்கு, ஆயில், பெட்ரோல், செயின் இருந்தால் அதன் தொய்வு ஆகியவற்றை வழக்கம்போல் பார்த்துக்கொள்ளலாம்.

வளைவு

பந்தய வகை ஏடிவிகள் பலவற்றில் பின் அச்சு ஒரே தண்டு. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைவாக. இரண்டும் சேர்ந்தே சுற்றுவதால் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். இதைச் சமாளிக்க, மேல் உடம்பை வளைவின் உள்பக்கமாகவும் சற்று முன்னாலும் கொண்டுபோய், வெளிப்பக்கக் கால்மிதியில் மிதிக்க வேண்டும். உள் பின் சக்கரத்தின் மேல் பாரம் குறையும். அது லேசாக வழுக்கி, வண்டி திரும்பும். முதலில் கேட்கும்போது குழப்பமாகத்தான் இருக்கும். சமமான மண்தரையில் மெதுவாக எட்டு வடிவம் போட்டுப் பழகினால் உடம்பு பிடித்துக்கொள்ளும். வேகம் கூடக் கூட உள்பக்கச் சாய்வும் கூட வேண்டும். உள் சக்கரங்கள் தரையை விட்டு எழும்புவது தெரிந்தால் இன்னும் உள்ளே சாய்ந்து, ஆக்சிலேட்டரைப் படிப்படியாகக் குறைத்து, இடமிருந்தால் வளைவை அகலமாக்குங்கள்.

தார்ச் சாலையில் இந்த வழுக்கலே நடக்காது. மென்மையான, பெரிய முடிச்சுள்ள டயர் தாரைக் கவ்விக்கொள்ளும். மண்ணில் வழுக்கி விலகியிருக்க வேண்டிய வண்டி அங்கே கவ்விக்கொண்டு கவிழும். சாலையைக் கடக்க நேர்ந்தால் நின்று, பார்த்து, நேர்க்கோட்டில் மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

ஏற்றமும் இறக்கமும்

ஏடிவி ஓட்டுவதில் நேரம் செலவழித்துப் பழக வேண்டிய ஒரே விஷயத்தைச் சொல்லச் சொன்னால் நான் மேட்டைத்தான் சொல்வேன். பல மாடல்களின் கையேடுகளில் 15 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தில் ஓட்டாதீர்கள் என்று இருக்கும். 15 டிகிரி என்பது 100 மீட்டர் முன்னே போனால் சுமார் 27 மீட்டர் உயர்வது. கண்ணுக்கு இது சாதாரணமாகத் தெரியும். செல்போனில் சாய்வளக்கும் வசதி இருக்கிறது. அறிமுகமில்லாத சரிவில் அதை ஒருமுறை தரையில் வைத்துப் பாருங்கள்.

ஏறுவதற்கு முன்பே கியரைத் தேர்ந்துகொள்ளுங்கள். எடையை முன்னால் கொண்டுவந்து, சரிவு கூடினால் எழுந்து நின்று ஹேண்டில்பாருக்கு மேல் சாயுங்கள். ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்திருங்கள். பாதி மேட்டில் வேகம் குறைகிறதே என்று திடீரென்று அழுத்தினால் முன் சக்கரம் தூக்கி, வண்டி பின்பக்கமாக உங்கள் மேல் விழும். உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத வரை அங்கே வேகம் வேண்டாம். மணல்மேடுகளில் இது இன்னும் முக்கியம். எதிர்ப்பக்கம் சட்டென்று இறங்கும். அங்கிருந்து வருபவருக்கு உங்களைத் தெரியாது. அதனால்தான் நீண்ட கம்பியில் கொடி கட்டச் சொல்கிறார்கள்.

பாதியில் வண்டி நின்றுவிட்டால் எடை மேட்டுப் பக்கமே இருக்கட்டும். பிரேக்கைப் பிடித்து, பார்க்கிங் பிரேக்கைப் பூட்டி, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். வண்டி நேராக மேலே பார்த்து நின்றால் எந்தப் பக்கமும் இறங்கலாம். பின்னோக்கி உருளத் தொடங்கிவிட்டால் ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். பின் பிரேக்கை மட்டும் பிடிப்பது அதைவிட மோசம். பின் சக்கரம் நின்று, வண்டி அதன் மேல் சுழன்று பின்னால் கவிழும். முன் பிரேக்கைச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். நான்கு சக்கரத்துக்கும் ஒரே லிவர் என்றால் அதையும் சிறிது சிறிதாகத்தான். முழுவதும் நின்ற பிறகே பின் பிரேக், பார்க்கிங் பிரேக்.

இனி வண்டியைத் திருப்ப வேண்டும். கியரில் வைத்து இன்ஜினை அணையுங்கள். இடப்பக்கம் இறங்கி, மேட்டுப் பக்கமாக நின்றுகொண்டு ஹேண்டில்பாரை இடக்கோடிக்குத் திருப்புங்கள். பிரேக் லிவரைப் பிடித்தபடி பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, வண்டி உங்களுக்கு வலப்புறமாக மெதுவாகப் பின்னால் உருண்டு, சரிவுக்குக் குறுக்காகவோ சற்றுக் கீழ்நோக்கியோ நிற்கும் வரை விடுங்கள். மறுபடி பார்க்கிங் பிரேக்கைப் பூட்டி, மேட்டுப் பக்கத்திலிருந்து ஏறி, எடையை மேட்டுப் பக்கமே வைத்து இறங்குங்கள். இதை லேசான சரிவில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பலமுறை பழகிவைத்துக்கொள்ள வேண்டும். சரிவு அதற்கும் மிஞ்சியதாக இருந்தால் வண்டியை அங்கேயே விட்டு ஆளைக் கூட்டி வாருங்கள்.

இறங்கும்போது நேராக, குறைந்த கியரில், எடையை சீட்டின் பின்கோடிக்குத் தள்ளி. பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இன்ஜின் சுழற்சி ஒரு அளவுக்குக் கீழே போனால் சில மாடல்களில் கிளட்ச் விடுபட்டுவிடும். இன்ஜின் பிரேக்கிங் மறைந்து, நியூட்ரலில் விட்டதுபோல் வண்டி திடீரென்று வேகமெடுக்கும். லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டால் பெல்ட் மறுபடி பிடிக்கும். உங்கள் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று சிறிய சரிவில் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவதை முடிந்த வரை தவிர்க்கலாம். தவிர்க்க முடியாதபோது மேட்டுப் பக்கம் நன்றாகச் சாய்ந்து மெதுவாகப் போங்கள். மேட்டுப் பக்க சக்கரம் ஒரு கல்லில் ஏறி, கீழ்ப்பக்க சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் போதும், கதை முடிந்தது. சாயத் தொடங்கினால், கீழே தடை இல்லையென்றால் ஹேண்டில்பாரைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். முடியாவிட்டால் மேட்டுப் பக்கம் குதித்துவிடுங்கள். கவிழும் வண்டியைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். வண்டிக்கு அடியில் சிக்கியவருக்கு எலும்பு முறியாமலே உயிர் போகலாம்; மார்பின் மேல் எடை அழுத்தினால் மூச்சு இழுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் பொதுப் பயன்பாட்டுக்கான புதிய குவாட் பைக்குகளில் (ஏடிவியை அங்கே அப்படிச் சொல்கிறார்கள்) பின்பக்கப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம். அது கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஆள் நசுங்காத அளவுக்கு இடம் விட்டுவைக்கும். பண்ணையில் தனியாக, மெதுவாக ஓட்டுபவர்களுக்கு அது நல்ல முதலீடு என்பது என் கருத்து.

தண்ணீர்

கால்மிதியின் அடிமட்டத்துக்கு மேல் தண்ணீர் வரும் இடத்தில் இறங்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னாலேயே வரும் ஆபத்து மிதப்பது. 25 அங்குல டயர்கள் நான்கும் முழுக மூழ்கினால் சேர்ந்து ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீரை விலக்கும். 300 கிலோ வண்டியில் பெரும்பங்கு எடை காணாமல் போய்விடுகிறது. ஓடும் நீரில் அது படகைப் போல் ஒதுங்கும். முதலில் இறங்கி நடந்து, அடியில் குழி இருக்கிறதா, மறுகரையில் ஏற வழி இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காய வையுங்கள். இன்ஜின் உறுமியும் வண்டி நகரவில்லை என்றால் பெல்ட் நனைந்திருக்கிறது. பெல்ட் பெட்டியின் அடியில் உள்ள அடைப்பானைத் திறந்து தண்ணீரை விட்டு, நியூட்ரலில் இன்ஜினைச் சற்று வேகமாக ஓட விட்டால் உலரும். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுபோனால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியே தள்ளிய பிறகுதான் மற்றதெல்லாம்.

சுமை, வின்ச், சாய்பலகை

முன், பின் கேரியர்களுக்குத் தனித்தனி எடை வரம்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் மொத்த வரம்பு வேறு. மருந்து தெளிக்கும் தொட்டி பாதி நிறைந்திருக்கும்போதுதான் அதிக ஆபத்து. வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, நீங்கள் சாய்வதற்கு எதிராக வண்டியைச் சாய்க்கும். உள்ளே தடுப்பு வைத்த தொட்டி வாங்குங்கள். எதையாவது இழுக்க வேண்டியிருந்தால் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். கேரியரில் கட்டி இழுத்தால் இழுக்கும் புள்ளி அச்சுக்கு மேலே போய்விடும். வண்டி பின்னால் மல்லாக்க விழும்.

வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி) கம்பியில் உருளையைச் சுற்றி குறைந்தது ஐந்து சுற்று இருக்க வேண்டும். மரத்தில் நேராகக் கம்பியைச் சுற்றாமல் அகலமான நாடாப் பட்டை போட்டு ஷாக்கிளில் (பூட்டும் இரும்பு வளையம்) மாட்டுங்கள். கம்பியின் நடுவே கனமான மேல்சட்டையையோ சாக்கையோ போட்டுவிடுங்கள். அறுந்தால் வீச்சு குறையும். ஆட்கள் கம்பிக்கு நேராக நிற்கக் கூடாது.

லாரியில் ஏற்றும் சாய்பலகையில் நடக்கும் விபத்துகளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பலகையை லாரியோடு பட்டையால் கட்டாவிட்டால், பின் சக்கரம் உந்தும் விசை பலகையைப் பின்னுக்குத் தள்ளும். முன் சக்கரம் லாரியில், பின் சக்கரம் காற்றில். கட்டினால் மட்டும் போதாது, பலகை நீளமாகவும் இருக்க வேண்டும். குட்டைப் பலகை செங்குத்தாக நிற்கும். வின்ச் வைத்து ஆளில்லாமல் ஏற்ற முடிந்தால் அதுவே நல்லது.

கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பஞ்சர் ஒட்டும் பொருட்கள், சிறிய பம்பு, பெல்ட் வண்டியென்றால் உதிரி பெல்ட், ஸ்பார்க் பிளக், கழற்றும் சாவி, இழுவைப் பட்டை, ரத்தக் கசிவை நிறுத்தும் கட்டு ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். சிக்னல் கிடைக்காத இடத்துக்குச் செயற்கைக்கோள் வழி அழைக்கும் கருவி எடுத்துச் செல்லுங்கள். குழுவாகப் போனால் முன்னால் போகிறவர், பின்னால் வருபவர் கண்ணில் படுகிறாரா என்று ஒவ்வொரு பிரிவிலும் நின்று பார்க்க வேண்டும்.

திரும்பியதும் கழுவும்போது அதிக அழுத்தத் தண்ணீரைப் பேரிங், மின்இணைப்பு, ரேடியேட்டர் இதழ்கள் மேல் நேராக அடிக்காதீர்கள். ரேடியேட்டரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். சேறு வந்த வழியே வெளியேறும். சைலன்சரைச் சுற்றிக் காய்ந்த புல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். ஆழமான தண்ணீரில் போய் வந்திருந்தால் மறுநாள், வண்டியை அசைக்காமல், கியர் பெட்டியின் அடி போல்ட்டைத் தளர்த்திச் சில சொட்டுகளை விட்டுப் பாருங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் அது எண்ணெயை விடக் கனமானதால் அடியில் நின்று முதலில் வரும். எண்ணெயோடு கலந்திருந்தால் வெளுத்து, பால் நிறத்தில் வரும். இரண்டில் எது வந்தாலும் எண்ணெயை முழுவதும் வடித்து மாற்றி, கியர் பெட்டிக்குக் காற்றுப் போக வர உள்ள மூச்சுக்குழாய் எங்கே கழன்றிருக்கிறது என்று தேடிச் சரிசெய்யுங்கள்.